கணையம்: பணி இரண்டு, உறுப்பு ஒன்று

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காக அமைந்த உறுப்பு கணையம். நீளம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். எடை 100 கிராம் அளவே. இதன் தலைப்பகுதி முன்சிறுகுடலின் வளைவிற்குள் பொருந்தியுள்ளது. கல்லீரலிலிருந்து வரும் பித்தநாளம் அத்தலைப்பகுதியை ஒட்டிச் சென்றே குடலை அடைகிறது. இந்த அமைப்பை வாசகர்கள் நினைவில் கொள்வது நல்லது; கணைய நோய்கள் சிலவற்றை இதைக் கொண்டே விளங்கிக்கொள்ள முடியும்.

கணையத்தின் முதற்பணி செரிமானம். நாள்தோறும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கணையநீர் குடலைச் சேர்கிறது. அதிலுள்ள பைகார்பனேட் இரைப்பை அமிலத்தின் கடுமையைத் தணிக்கிறது. மாவுச்சத்தை அமைலேஸும், கொழுப்பை லைப்பேஸும், புரதத்தை டிரிப்சினும் சிதைக்கின்றன. கணையத்தின் திசுக்களிலும் புரதம் உண்டே, டிரிப்சின் அவற்றை ஏன் அழிப்பதில்லை என்னும் ஐயம் எழலாம். வங்கியில் பாதுகாப்புப் பெட்டகம் வைத்திருப்போருக்கு இதன் விடை எளிதில் புலப்படும். வாடிக்கையாளரின் சாவி மட்டும் இருந்தால் பெட்டகம் திறவாது. வங்கியின் சாவியும் வேண்டும். கணையமும் டிரிப்சினோஜன் என்னும் செயலற்ற வடிவத்தையே அனுப்புகிறது. அதனைச் செயற்படுத்தும் மற்றொரு சாவியாகிய என்டிரோகைனேஸ் குடற்சுவரில் இருக்கிறது.

இரண்டாவது பணி, இரத்தத்தில் சர்க்கரையின் அளவைக் காப்பது. கணையத்தினுள் சிறு தீவுகள்போல் சிதறிக் கிடக்கும் உயிரணுத் திட்டுகளை 1869ஆம் ஆண்டில் பால் லாங்கர்ஹான்ஸ் கண்டு எழுதினார். அவற்றின் பயனை அவர் அறிந்திருக்கவில்லை. கணையம் நீக்கப்பட்ட நாய்க்கு நீரிழிவு உண்டாவதை 1889இல் மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் காட்டினர். 1921இல் டொரான்டோவில் பான்டிங், பெஸ்ட் முதலியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். அதன் காப்புரிமையை அவர்கள் பல்கலைக்கழகத்திற்கு ஆளுக்கு ஒரு டாலர் மட்டும் பெற்றுக்கொண்டு அளித்தனர் என்பதைப் பணம் பற்றிய செய்திகள் நிறைந்த இவ்விதழில் குறிப்பிடுவது பொருத்தமே.

இனி நோய்கள். பித்தப்பைக் கல் நழுவிப் பித்தநாளமும் கணைய நாளமும் கூடும் வாயிலை அடைத்தாலும், மதுப்பழக்கம் மிகுந்தாலும், நொதிகள் கணையத்திற்குள்ளேயே செயற்படத் தொடங்கிவிடும். இதுவே கணைய அழற்சி. மேல்வயிற்றில் தாங்கொணா வலி எழுந்து முதுகிற்குப் பரவும், முன்புறம் குனிந்து அமர்ந்தால் சற்றே தணியும், வாந்தியும் உடன்வரும். வாயுத்தொல்லை எனக் கருதிச் சோடா அருந்திக் காலங்கடத்துவது நம்மவரிடையே காணப்படும் வழக்கம். இது மிகவும் ஆபத்தானது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மதுவையே அறியாத இளைஞரையும் தாக்கும் நாள்பட்ட கணைய அழற்சி ஒன்று உண்டு. கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் இதனை விரிவாக ஆராய்ந்தார். சிறுவயதில் வயிற்றுவலி, நாளங்களில் சுண்ணாம்புக் கற்கள், பின்னர் நீரிழிவு என இது வளர்கிறது. மரவள்ளிக் கிழங்கே காரணம் என ஒரு காலத்தில் ஐயுற்றனர், அது மெய்ப்பிக்கப்படவில்லை. மரபணுக் குறைபாட்டின் பங்கு பின்னர் தெரியவந்தது. நொதி குறைவதால் கொழுப்பு செரியாமல் மலம் எண்ணெய்ப்பசையுடன் வெளியேறும், உடல் மெலியும். இவர்களுக்கு மருத்துவர் தரும் நொதி மாத்திரைகளை உணவோடு சேர்த்தே உட்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் உண்டால் பயனில்லை.

கணையப் புற்றுநோய் தலைப்பகுதியில் தோன்றினால் பித்தநாளத்தை நெருக்கி, வலியற்ற மஞ்சள் காமாலையை உண்டாக்கும். வால்பகுதியில் தோன்றினால் அந்த அறிகுறியும் இராது. ஆகவே நெடுநாள் மறைந்தே வளரும். புகைப்பழக்கம் இந்நோய்க்கு வழிவகுக்கும் காரணங்களுள் ஒன்று. ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்கு உடல் எடை குறையும் வேளையிலேயே நீரிழிவும் புதிதாகத் தோன்றினால், சர்க்கரை மாத்திரையோடு நின்றுவிடாமல், கணையத்தையும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.