உண்ணியை எதிர்க்கும் மாடு: பரம்பரையாக வரும் வலிமை



ஜகாத், ஸதகா நிதியிலிருந்து ஒரு குடும்பத்துக்குக் கறவை மாடு வாங்கிக் கொடுக்கும்போது நாம் என்ன பார்க்கிறோம்? எத்தனை லிட்டர் கறக்கும், எத்தனையாவது ஈற்று, என்ன விலை என்ற மூன்றைத்தான். நான்காவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும்: அந்த மாட்டின் மேல் எத்தனை உண்ணி இருக்கிறது? கணவரை இழந்த ஒரு சகோதரிக்கு அந்த மாடுதான் மாத வருமானம். அது உண்ணிக் காய்ச்சலில் படுத்துவிட்டால் பாலும் நின்றுபோகும், கடனும் ஏறும். மாடே இறந்துவிட்டால் கொடுத்த உதவி முழுவதும் கைநழுவிப் போகும்.

உண்ணி செய்யும் கேடு

நம் மாடுகளில் மிகுதியாகக் காணப்படும் மாட்டு உண்ணி, குஞ்சாக ஏறிய மாட்டிலேயே வளர்ந்து முடிக்கும். இதற்குச் சுமார் மூன்று வாரம் ஆகும். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, தொழுவத்தின் வெடிப்பிலோ புல்லடியிலோ 2,000க்கும் மேல் முட்டையிட்டு மடியும். இரத்த இழப்பால் மாடு மெலியும். சிறுநீர் சிவந்துபோகும் பபீசியா காய்ச்சலையும் இந்த உண்ணிதான் பரப்புகிறது. கடித்த இடத்தின் தழும்பு தோலின் விலையையும் குறைக்கும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிலில் உள்ள நம் மக்களுக்கு இது தெரிந்ததே.

ஒரே தொழுவம், இரண்டு மாடுகள்

ஒரே தொழுவத்தில் கட்டி, ஒரே தீவனம் போட்டாலும் ஒரு மாட்டின் மடியிலும் காதிலும் உண்ணி கொத்துக் கொத்தாக இருக்கும். அடுத்த மாட்டில் தேடித்தான் பார்க்க வேண்டும். 1918இலேயே ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஜான்ஸ்டன், பான்கிராஃப்ட் என்ற இரு ஆய்வாளர்கள் உண்ணியை எதிர்க்கும் மாடுகளைப் பற்றி எழுதினார்கள்.

இந்த எதிர்ப்பு வேலை செய்யும் விதம் இது. முதன்முதலில் உண்ணி கடிக்கும்போது எந்த மாட்டுக்கும் பெரிய எதிர்ப்பு இருப்பதில்லை. சில முறை கடிபட்ட பிறகு உடல் அந்த உண்ணியின் உமிழ்நீரை அடையாளம் கண்டுகொள்கிறது. அதன்பின் குஞ்சு கடித்த இடம் தடித்து அரிக்கிறது. குஞ்சால் நிலைத்து இரத்தம் குடிக்க முடிவதில்லை. மாடும் அந்த இடத்தை நக்கி அதை அகற்றிவிடுகிறது. இந்தப் பாடத்தை ஒரு மாடு எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொள்ளும் என்பதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு.

ஏறும் 100 பெண் குஞ்சுகளில் 98க்கு மேல் மடிந்தால் உயர்ந்த எதிர்ப்பு என்றும், 90க்கும் குறைவாக மடிந்தால் மிகக் குறைந்த எதிர்ப்பு என்றும் ஆய்வாளர்கள் வகுத்தார்கள். 98க்கும் 90க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 பெண் குஞ்சுகள் ஏறினால் முதல் மாட்டில் 20க்கும் குறைவாகவே தப்பும்; இரண்டாவதில் 100க்கும் மேல் தப்பும். ஒவ்வொன்றும் 2,000 முட்டையிட்டால் முதல் மாட்டிலிருந்து 40,000க்குள். இரண்டாவதிலிருந்து 2,00,000க்கு மேல். எதிர்ப்பு குறைந்த ஒரு மாடு தொழுவம் முழுவதற்கும் உண்ணி வளர்த்துக் கொடுக்கிறது.

எந்த இனத்துக்கு?

திமில் உள்ள நம் நாட்டு இனங்களுக்கு இந்த வலிமை பொதுவாக அதிகம். ஜெர்சி, ஹோல்ஸ்டீன் போன்ற ஐரோப்பிய இனங்களுக்குக் குறைவு. கலப்பினங்கள் இடையில் நிற்கும். ஆஸ்திரேலியர்கள் 1950களில் பாகிஸ்தானிலிருந்து சாஹிவால், சிவப்பு சிந்தி மாடுகளைக் கொண்டுபோய் ஜெர்சியுடன் கலந்து, பாலும் தரும் உண்ணியையும் தாங்கும் ஒரு கறவை இனத்தை உருவாக்கினார்கள். பாலா, வலிமையா என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஓர் இனத்துக்குள்ளேயும் மாட்டுக்கு மாடு வேறுபாடு உண்டு. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பரம்பரையால் வருவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கன்றுக்குப் பாதி தாயிடமிருந்தும் பாதி காளையிடமிருந்தும் வருவதால், சினை ஊசி போடும்போது காளையையும் கவனிக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. மருந்து போடுவதற்கு முன், ஒரே நாள் காலையில், எல்லா மாடுகளுக்கும் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் அரை சென்டிமீட்டர் அளவுக்குப் பருத்த உண்ணிகளை எண்ணி நோட்டில் எழுதுங்கள். சில வார இடைவெளியில் மூன்று நான்கு முறை எண்ணினால் எந்த மாடு எப்படி என்று விளங்கிவிடும்.

2. தொடர்ந்து குறைவாக உண்ணி பிடிக்கும் பசுவின் கிடேரியை வளர்ப்புக்கு வையுங்கள். அதிகம் பிடிக்கும் பசுவின் காளைக்கன்றைப் பொலிகாளையாக விடாதீர்கள்.

3. உங்கள் பசுவுக்கு எந்த இனத்துக் காளையின் சினை ஊசி பொருத்தம் என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

4. எதிர்ப்புள்ள மாடும் பட்டினியிலும் கன்று ஈனும் காலத்திலும் தளரும். அப்போது தீவனத்தைக் குறைக்காதீர்கள்.

5. மருந்தை மருத்துவர் சொன்ன அளவிலேயே போடுங்கள். அளவு குறைந்தால் பிழைக்கும் உண்ணிகள், அந்த மருந்தைத் தாங்கும் தன்மையைத் தம் குஞ்சுகளுக்குக் கொடுத்துவிடும். பரம்பரை விதி உண்ணிக்கும் ஒன்றுதான்.

6. தொழுவத்தின் சுவர் வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். காய்ச்சல், ஈறு வெளுத்தல், சிவந்த சிறுநீர் தெரிந்தால் நாட்டு வைத்தியம் பார்த்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற எண் இருக்கிறது.

வாயில்லா ஜீவன் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தன் வலியைச் சொல்ல அதற்கு வாய் இல்லை. உண்ணியை எண்ணிப் பார்க்க நமக்குக் கண்ணும் கையும் இருக்கின்றன. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்படும் முன் ஒரு கால்மணி நேரம் தொழுவத்தில் நின்று முதல் கணக்கை எழுதிவிடுங்கள். உங்கள் மாடுகளிலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.