ஒலிப்பேழையும் பாட்டியின் குரலும்

நாட்டுப்புறப் பாடல் பாடுபவருக்கேற்ப மாறும். ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது மாறாது. இந்த வேறுபாட்டை எட்டாம் வகுப்பில் செயல்பாடாக நடத்துகிறேன்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஜயலட்சுமி, நவநீதகிருஷ்ணன் இணையர் ஊர் ஊராகப் பாடல்களைத் திரட்டி, மேடையிலும் ஒலிப்பேழையிலும் பாடிப் பரப்பினர். விஜயலட்சுமிக்கு 2018இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவர்களின் பாடல் ஒன்றை முதலில் கேட்கச் செய்வேன்.

அடுத்து, மாணவர்கள் தம் தெருவின் மூத்தவரிடம் அதே வகைப் பாடலை அனுமதியுடன் கைப்பேசியில் பதிவு செய்வர். பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயக் களையெடுப்பா, பருத்தி எடுப்பா, அரியலூரின் திருமானூர்ப் பக்கம் நெல் நடவா என, எந்த வேலையில் பாடியது என்பதையும் குறிப்பர்.

பின்பு இரண்டையும் ஒப்பிட்டு அட்டவணை இடுவோம்: மாறாத அடி, மாறிய சொல், புதிதாகச் சேர்ந்த ஊர்ப்பெயர், தாளம். பேழையில் தாளம் தருவது இசைக்கருவி. வயலில் நாற்று நடும் கை.

இரண்டு எச்சரிக்கைகள். பேச்சுவழக்கை எழுத்துத்தமிழாகத் திருத்த வேண்டாம். ஒப்பாரி கேட்க வேண்டாம்; சாவு நேராத வீட்டில் அதைப் பாட மூத்தோர் தயங்குவர்.

நடவு இயந்திரம் இறங்கிய வயலில் பாட்டுக்கு வேலையில்லை. பாடியவர்கள் நம் மாணவர்களின் வீட்டுத் திண்ணையில் இன்னும் இருக்கிறார்கள். இந்தப் பருவத்திலேயே கேட்கச் சொல்லுங்கள்.