லயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை

தமிழ்நாட்டிலிருந்து மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வேலை தேடி வந்த குடும்பங்களுக்கு, இங்கே சொந்தமென்று சொல்லிக்கொள்ள அதிகம் இருக்கவில்லை. குடியிருந்த லயத்து வீடு தோட்ட நிர்வாகத்தினுடையது. குழாய்த் தண்ணீர், ஆயாக் கொட்டகை எல்லாமே அப்படித்தான். வேலை போனால் வீடும் போகும். ஆனால், லயத்துக்குப் பின்னால் அத்தாப்புக் கூரையின் கீழ் அசைபோட்டுக்கொண்டிருந்த பசுவும், அதன் அருகே படர்ந்திருந்த அவரைப் பந்தலும் அந்தக் குடும்பத்தினுடையவை.

இதற்குச் சட்டத்திலும் ஓர் இடம் இருந்தது. குடும்பத்தோடு தங்கி வேலை செய்யும் தொழிலாளிக்குப் பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தை ஒதுக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறியது. அது ஏறத்தாழ 250 சதுர மீட்டர். மூன்று பூப்பந்தாட்ட ஆடுகளங்கள் அளவுதான். அதுவும் எல்லாத் தோட்டங்களிலும் முறையாகக் கிடைத்துவிடவில்லை. கிடைத்த இடத்தை மக்கள் வீணாக்கவும் இல்லை.

தோட்டத்து வேலை நேரமும் இதற்கு ஒத்துவந்தது. பால்மரத்தை விடியற்காலையில் சீவினால்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற வடிவது குறைந்துவிடும். ஆகவே, இருட்டிலேயே பெரட்டுக்குப் போனவர்கள் பாலைச் சேகரித்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மதியத்துக்குப் பின் வீடு திரும்பினர். பிற்பகல் குடும்பத்தின் நேரம். பிள்ளைகள் பள்ளி முடிந்ததும் அரிவாளும் சாக்குமாகப் புல்லறுக்கக் கிளம்புவார்கள். சோறு வடித்த கஞ்சி, அரிசி கழுவிய நீர், காய்கறித் தோல் என எதுவும் வெளியே கொட்டப்படாது. எல்லாம் மாட்டுத் தொட்டிக்குப் போகும்.

வளர்த்த ஒவ்வோர் உயிரும் ஒவ்வொரு வகைப் பணமாக இருந்தது. கோழி சில்லறைக் காசு. அடைவைத்த முட்டை 21 நாளில் குஞ்சாகும். திடீரென விருந்தினர் வந்தாலும் பிள்ளைக்குப் பென்சில் வாங்க வேண்டுமென்றாலும் கோழிக்கூட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆடு சிறுசேமிப்பு. ஐந்து மாதச் சினைக்குப் பின் பெரும்பாலும் இரண்டு குட்டிகள் ஈனும். அவை வளர்ந்தால் தீபாவளிச் செலவு சமாளிக்கப்படும். பசுவோ குடும்பத்தின் சொத்து. மகளின் திருமணத்துக்கும் மகனின் மேற்படிப்புக்கும் தொழுவத்திலிருந்து ஒரு மாடு வெளியேறிய கதைகள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு.

பால் விற்ற காசு பல வீடுகளில் பெண்களின் கையில் இருந்தது. இது சிறிய செய்தி அன்று. சம்பள நாளன்று ஆண்களின் பணத்தில் ஒரு பங்கு கள்ளுக்கடைக்குப் போய்விடும் காலம் அது. பால் காசுதான் அடுப்பு அணையாமல் காத்தது.

கொட்டகையிலிருந்து சாணமும், அடுப்பிலிருந்து சாம்பலும் காய்கறிப் பாத்திக்குப் போயின. முருங்கை, கருவேப்பிலை, வெண்டை, பாகல், பயற்றங்காய், கீரை ஆகியவற்றை வளர்த்தவர்கள் மளிகைக் கடையில் அரிசி, பருப்பு, கருவாடு போன்றவற்றுக்கு மட்டும் கடன் சொன்னால் போதும். முருங்கைக்கீரையைக் கேட்டு வந்த பக்கத்து வீட்டாரிடம் யாரும் காசு வாங்கியதில்லை.

இதன் அருமை கெட்ட காலத்தில்தான் முழுமையாகத் தெரிந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியால் ரப்பர் விலை சரிந்தபோது, 1930இல் ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகக் குறைக்கப்பட்டது. பின்னர் மேலும் இறங்கியது. வேலையிழந்த பல்லாயிரவர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினர். தங்கிவிட்டவர்களுக்குக் காய்கறிப் பாத்தியும் கோழிக்கூடும் கைகொடுத்தன. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் வெளிநாட்டு அரிசி வரத்துக் குறைந்தது. அப்போது மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் சோற்றின் இடத்தைப் பிடித்தன.

நிர்வாகத்துக்கும் கால்நடைக்கும் உரசல் இல்லாமல் இல்லை. ஆடு இளங்கன்றின் பட்டையைக் கடித்தால் மரமே வீணாகிவிடும் என்பது நிர்வாகத்தின் கவலை. அதில் நியாயமும் இருந்தது. மறுபக்கம், லாலான் புல்லை அழிக்கத் தெளித்த நச்சு மருந்து மேய்ந்த மாட்டையும் கொன்றது. அப்படி ஒரு பசுவை இழப்பது, பல ஆண்டுச் சேமிப்பை ஒரே நாளில் இழப்பதாகும்.

1980, 1990ஆம் ஆண்டுகளில் நகரங்களை ஒட்டிய பல தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. மின்சாரமும் பள்ளியும் பேருந்தும் அருகில் கிடைத்தன. பிள்ளைகளுக்கு அது நல்லதாகவே அமைந்தது. ஆனால், நான்காம் மாடியில் பசுவைக் கட்ட முடியாது. வந்த விலைக்கு மாடுகளை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் என்று 1980ஆம் ஆண்டின் பணிநீக்க விதி இழப்பீட்டைக் கணக்கிட்டது. கொட்டகைக்கும் முருங்கை மரத்துக்கும் அந்தக் கணக்கில் இடம் இருக்கவில்லை.