திரைக்குப் பின்னும் மேடைதான்

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் பேத்தி, பள்ளி இசை நாடக ஒத்திகைக்காக மாலை முழுவதும் செலவிடுகிறாள். படிப்பு கெடாதா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: கவலை வேண்டாம், அம்மா. அங்கே பல உயர்நிலைப் பள்ளிகளில் வசந்தகால இசை நாடகம் ஆண்டின் பெரிய நிகழ்ச்சி. பதிப்புரிமை உள்ள நாடகமென்றால் உரிமைக் கட்டணம் கட்டித்தான் போட வேண்டும். அனுமதியின்றி வசனத்தை மாற்றக் கூடாது. ‘லே மிசரபிள்’ என்னும் இசை நாடகத்துக்குப் பள்ளிகளுக்கென்றே சுருக்கிய பதிப்பு உண்டு. நடிப்பவர்கள் மட்டுமா? வாத்தியம் வாசிக்க, விளக்கு போட, அரங்கத் தட்டிகளுக்கு வண்ணம் அடிக்க எல்லாம் பெரும்பாலும் பிள்ளைகளே. கூச்ச சுபாவமுள்ள குழந்தைக்கு இதைவிட நல்ல இடம் பள்ளியில் இல்லை என்பேன். அரங்கேற்றத்துக்குமுன் மாணவர் கூட்டத்தில் ஓரிரு பாடல்களைப் பாடிக் காட்டுவதும் உண்டு. சக மாணவர்கள் முன் பாடுவதுதான் கடினம்! அடுத்தமுறை பேசும்போது, ஒத்திகை எப்படிப் போகிறது என்று முதலில் கேளுங்கள்.