இயந்திரம் நின்றால் நம் வேலையும் போகுமா?



ஸ்டோரில் டிரையர் பழுதாகி நாலு நாள் நின்றால் போதும், லயமெல்லாம் ஒரே பேச்சுத்தான்: "ஸ்டோரை மூடப் போறாங்களாம், ஆளைக் குறைக்கப் போறாங்களாம்." இந்தப் பயம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. பெரிய நாட்டுத் தொழிலாளருக்கும் இதே கதி வந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நம்ம சட்டத்துக்கு வருவோம்.

அமெரிக்காவின் போயிங் கம்பெனி செய்த 737 மேக்ஸ் விமானங்கள் இரண்டு விழுந்தன. ஒன்று 2018 ஒக்டோபரில் இந்தோனேசியாவில், மற்றது 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில். 346 பேர் இறந்தார்கள். விமானத்தைக் கட்டுப்படுத்தும் கணினி முறையில் கோளாறு இருந்தது தெரிய வந்தது. உலகமெங்கும் அந்த விமானங்களை நிறுத்தினார்கள். 2020 ஜனவரியில் அவற்றைச் செய்வதும் நின்றது.

அப்போது போயிங், தன் ஆட்களை உடனே நிறுத்தாமல் வேறு வேலைக்கு மாற்றுவதாகச் சொன்னது. ஆனால் விமானத்தின் உடற்பகுதியைச் செய்து கொடுத்த ஸ்பிரிட் என்ற கம்பெனி, விச்சிட்டா நகரில் 2,800 பேரை நிறுத்தியது. கோளாறு செய்தவர்கள் அவர்களில்லை. ஆனாலும் முதலில் வேலை போனது அவர்களுக்கே.

நம்மிடமும் அப்படித்தான். ஸ்டோர் நின்றால் கொழுந்தைப் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோருக்கு அனுப்பலாம். மலையில் கொழுந்து எடுக்கிறவங்களுக்கு வேலை இருக்கும். ஸ்டோரில் நிற்கிறவங்களுக்குத்தான் முதல் அடி.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலையாட்களின் வேலையை முடிவுறுத்துவது பற்றி இலங்கையில் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்தவருக்கு இது பாதுகாப்பு. ஒழுக்காற்றுத் தண்டனையாக அல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால் இரண்டில் ஒன்று வேண்டும்:

1. அந்தத் தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதம்.
2. தொழில் ஆணையாளரின் எழுத்து மூலமான முன் அனுமதி.

தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதும், தொழிலையே மூடுவதும் இதில் அடங்கும். வேலை போகவே போகாது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆணையாளர் விசாரித்து அனுமதி கொடுக்கலாம். அப்போது நஷ்டஈட்டையும் அவர் தீர்மானிக்கலாம்.

இங்கேதான் கவனம் வேண்டும். "சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டுகிற கடுதாசி, நம் சம்மதக் கடிதமாக இருக்கலாம். போட்டுவிட்டால் ஆணையாளரின் அனுமதி தேவைப்படாமல் போகும். வாசித்து விளங்காத எதிலும் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைக்காதீர்கள். தோட்டத் தலைவரிடமோ, படிக்கிற பிள்ளையிடமோ காட்டி, ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள்.

கைக்கு வர வேண்டியது

எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும், 5 ஆண்டு சேவை பூர்த்தியானவருக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடை உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளம். 20 ஆண்டு வேலை செய்தவருக்கு 280 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டத்தின் பங்காக 12 வீதமும், நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் மட்டும் 3 வீதமும் கட்ட வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியது

சம்பளத் துண்டுகளை ஒரு டின்னில் போட்டு வையுங்கள். நனையாமல் பாருங்கள். வேலை செய்த நாட்களைக் கலண்டரில் குறியுங்கள்; செக்ரோலில் பேர் விடுபட்டால் அந்த மாதமே கேளுங்கள். அந்த 180 நாளைக் காட்ட இவைதான் சாட்சி. நிறுத்திவிட்டார்கள் என்றால் தாமதிக்காமல் சங்கத்தின் மூலமோ நேரிலோ தொழில் திணைக்களக் காரியாலயத்துக்குப் போங்கள்.

வீட்டில் பேசிப் பாருங்கள்: நம் வீட்டில் யார் யாருக்கு 180 நாள் இருக்கிறது? யாருக்கு 5 ஆண்டு முடிந்தது? துண்டுகள் எங்கே இருக்கின்றன?