சுங்கானில் பற்தடம்

கேள்வி: 1990இல் மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்தபோது அப்பப்பா மடியில் கட்டிக்கொண்டு வந்த சுங்கான் இப்போது என்னிடம் இருக்கிறது. கறுப்பு வாய்க்குழல் நிறையப் பற்தடம். மாற்ற வழியுண்டா? இனிமேல் படாமல் காப்பது எப்படி?
– வாசகர், மயிலிட்டி

பதில்: பழைய சுங்கான்களின் கறுப்பு வாய்க்குழல் பெரும்பாலும் எபொனைட். றப்பரோடு கந்தகத்தைக் கூடுதலாகச் சேர்த்துச் சூடாக்கி இறுக்கிய பொருள் அது. அமெரிக்கரான நெல்சன் குட்இயர் 1851இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சூடுபட்டால் இளகி, பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். உங்களுக்கு உதவப்போவதும் அந்தக் குணந்தான்.

வாய்க்குழலை மட்டும் கழற்றிச் சுடுநீரில் சில நிமிடம் விடுங்கள். ஆழமில்லாத பள்ளங்கள் மேலெழும். வளைந்த குழலென்றால் கவனம், அது நிமிர்ந்துவிடக்கூடும். பச்சை, பழுப்பு நிறம் படர்ந்தால் மெல்லிய அரத்தாளை நனைத்துத் தேய்த்து மெருகேற்றலாம். பல் துளைத்த ஓட்டையென்றால் புதுக் குழல்தான். வெயிலில் வைக்காதீர்கள், எபொனைட் நிறம் மங்கும்.

தடம் விழாதிருக்க, நுனியில் மாட்டும் மென்மையான றப்பர் உறை உண்டு. வலை இழுக்கும்போதும் பிற வேலையிலும் கை ஓய்வில்லாதவர்தான் பல்லால் கவ்வுவார். கையில் பிடித்து உதட்டில் வைத்தால் தடமே விழாது. கடினமான அக்ரிலிக் குழலில் தடம் குறையும். தேய்மானம் பல்லுக்குப் போகும்.

உறை காப்பது குழலை மட்டுமே. வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலை முக்கிய காரணம். ஆகவே அப்பப்பாவின் சுங்கானைப் புகைக்காமல் நினைவுப் பொருளாக வைத்திருப்பதே என் யோசனை.