தலையாட்டும் சப்பி

நவம்பர் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை. கிளென் வேவர்லியில் பள்ளிக்கூடம் இல்லை. பாட்டி கேட்கிறார்.

"ஏன்டா கண்ணு, இன்னைக்கு ஸ்கூலுக்குப் போகலையா?"

"லீவு பாட்டி. இன்னைக்கு மெல்பர்ன் கப், குதிரைப் பந்தயம்!"

"குதிரை ஓடுறதுக்கா லீவு விடுறாங்க? நல்ல ஊருதான் போ!"

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கலாம். அந்தப் பந்தயம் ஃபிளெமிங்டன் மைதானத்தில் நடக்கும். பந்தயத் தூரம் 3200 மீட்டர். விளையாட்டு விழாவில் நீங்கள் ஓடும் 400 மீட்டர் வட்டத்தை எட்டுத் தடவை சுற்றுவதற்குச் சமம். குதிரைகள் அதை மூன்றரை நிமிடத்துக்குள் ஓடி முடித்துவிடும்! அன்று பலர் பெரிய தொப்பி போட்டுக்கொண்டு போவார்கள். சிலர் பணம் கட்டுவார்கள். "அது சூது, நமக்கு வேண்டாம்" என்று சொல்லும் தாத்தா பாட்டிகளும் உண்டு. அது இருக்கட்டும். இந்தப் பாடம் பணத்தைப் பற்றியது அல்ல; ஒரு குதிரையைப் பற்றியது.

அந்தக் குதிரையின் பெயர் சப்சீரோ. செல்லமாகச் சப்பி. 1988-இல் பிறந்தது. அதன் அப்பா குதிரையின் பெயர் காலா ஷிகாரி. என்ன, நம் ஊர்ப் பெயர்போல இருக்கிறதா? இந்தியில் 'காலா' என்றால் கருப்பு, 'ஷிகாரி' என்றால் வேட்டைக்காரர். கருப்பு வேட்டைக்காரரின் பிள்ளை சப்பியோ சாம்பல் நிறம்! இப்படிப்பட்ட குதிரைகள் குட்டியாக இருக்கும்போது கருமையாகவோ பழுப்பாகவோ இருக்கும். வயது ஏற ஏற, தாத்தாவின் தலைமுடிபோல, மெல்ல மெல்ல வெளுக்கும்.

1992-இல் மெல்பர்ன் கப் நடந்தபோது மைதானம் மழையில் ஊறிக் கிடந்தது. மற்ற குதிரைகள் ஈரத் தரையில் தடுமாறின. சப்பிக்கு அந்தத் தரைதான் பிடித்திருந்தது. ஜாக்கி கிரெக் ஹாலைச் சுமந்துகொண்டு ஓடி, முதலாவதாக வந்தது. அப்போது அதற்கு வயது நான்கு.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பந்தயக் குதிரைகள் பெரும்பாலும் சில ஆண்டுகள்தான் ஓடும். பிறகு கால் வலிக்கும், வேகம் குறையும். ஆனால், குதிரை 25, 30 ஆண்டுகள்கூட உயிர் வாழும். அப்படியென்றால் மீதி 20 ஆண்டுகள் அது என்ன செய்யும்? யார் தீனி போடுவார்கள்? யார் குளிப்பாட்டுவார்கள்? கோப்பையைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. எல்லாக் குதிரைகளுக்கும் நல்ல இடம் கிடைத்துவிடுவதும் இல்லை.

சப்பிக்குக் கிடைத்தது. கிரஹாம் சாலிஸ்பரி என்பவரிடம் அது போய்ச் சேர்ந்தது. பந்தய மைதானத்தில் அவருக்கு ஒரு தனி வேலை. சிவப்புக் கோட்டு போட்டு, குதிரைமேல் உட்கார்ந்து, ஓடப்போகும் குதிரைகளைப் புறப்படும் இடத்துக்கு அழைத்துப் போவார். ஏதாவது ஒரு குதிரை மிரண்டால், அதாவது பயந்து துள்ளினால், பக்கத்தில் போய் அமைதிப்படுத்துவார். ஜாக்கி கீழே விழுந்து குதிரை தனியாக ஓடினால், துரத்திப் போய்ப் பிடித்து வருவார். இந்த வேலைக்கு அவர் ஏறிய குதிரை நம் சப்பிதான்!

யோசித்துப் பாருங்கள். முன்பு பந்தயத்தில் பாய்ந்து ஓடிய குதிரை அது. இப்போது மற்ற குதிரைகள் பாய்ந்து ஓடும்போது, அது பேசாமல் நிற்க வேண்டும். எனக்கு என்னவோ, கோப்பை வென்றதைவிட இதுதான் கஷ்டம் என்று தோன்றுகிறது.

அப்படி நிற்கப் பழகியதால்தான் சப்பியால் வேறொரு வேலையும் செய்ய முடிந்தது. சாலிஸ்பரி அதைப் பள்ளிக்கூடங்களுக்கும், மருத்துவமனைகளுக்கும், முதியோர் இல்லங்களுக்கும் கூட்டிப் போனார். குழந்தைகள் அதன் மூக்கைத் தடவினார்கள். அவர் கேள்வி கேட்பார். சப்பி 'ஆமாம்' என்று தலையை ஆட்டும். நம் வீட்டுப் பெரியவர்கள்போல இடமும் வலமும் இல்லை, மேலும் கீழும்!

"அப்போ சப்பிக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்று கேட்காதீர்கள். குதிரைகள் மனிதரின் சின்ன அசைவைக்கூடக் கவனிக்கும். கை எங்கே தொடுகிறது, தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தே பழகிவிடும். அதற்குப் பல நாள் பொறுமை வேண்டும், இரண்டு பக்கமும்.

இருவரும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாக இருந்தார்கள். சப்பி முழுக்க வெளுத்துப்போனது. 2020-இல், மெல்பர்ன் முழுவதும் ஊரடங்கில் இருந்த ஆண்டில், முதலில் சாலிஸ்பரி இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் சப்பியும் போய்விட்டது. அந்த நவம்பரில் நடந்த மெல்பர்ன் கப்பைப் பார்க்க மைதானத்தில் கூட்டமே இல்லை.

இப்போது ஒரு இலக்கணக் கேள்வி. இந்தப் பாடம் முழுவதும் சப்பியை 'அது' என்றே எழுதியிருக்கிறோம். எழுத்துத் தமிழில் மனிதர் உயர்திணை, விலங்கு அஃறிணை. ஆனால் வீட்டில் நாய் வளர்ப்பவர்கள், "அவன் இன்னும் சாப்பிடலை", "அவ தூங்குறா" என்றுதானே சொல்கிறார்கள்? 'சப்பி போய்விட்டது' என்று எழுதும்போது எனக்கே கை கொஞ்சம் தயங்கியது.

எழுதுங்கள்: உங்களுக்குப் பிரியமான ஒரு விலங்கைப் பற்றி ஐந்து வாக்கியங்கள். 'அது' என்று எழுதுவீர்களா, 'அவன்', 'அவள்' என்று எழுதுவீர்களா? ஏன்?

கேளுங்கள்: தாத்தா பாட்டி தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்றால், செஞ்சி தேசிங்கு ராஜனின் குதிரையைப் பற்றிக் கேளுங்கள். அப்பப்பா, அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் என்றால், நெடுந்தீவில் திரியும் குதிரைகளைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பேசும் தமிழிலேயே எழுதி, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.